ஆளை எண்ணும் வேலை

கேகாலை,
1931 ஆவணி

என் அன்புள்ள பொன்னாத்தாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ பிரசவத்துக்கு இரத்தினபுரிக்குப் போன பிறகு, தோட்டத்துத் தீயணைப்புக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். உன் அண்ணனுக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடிக்கும் வேலை. எனக்கோ வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணும் வேலை. எல்லாரும் சிரித்தார்கள். நம் கல்யாணத்திலிருந்து என்னோடு பேசாத உன் அண்ணனும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடம் பற்றிக்கொண்டது. நான்கு பேர் உள்ளே போனார்கள். சற்று நேரத்தில், "எல்லாரும் வந்தாச்சு, கதவை மூடுங்க!" என்றார் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர்.

"இல்லைங்க ஐயா, மூணு பேருதான் வந்திருக்காங்க" என்றேன்.

புகை மேலே நிற்கும், தரையோரம் மூச்சு விடலாம் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வெளியே நின்றவர்களிடம் கொடுத்துவிட்டுத் தவழ்ந்து போனேன். சுவரோரம் உன் அண்ணன் கிடந்தார். இழுத்து வந்துவிட்டேன்.

கண் விழித்ததும், "மாப்பிள்ளை, எண்ணிக்கை சரியாயிருச்சா?" என்றார். ஏழு வருசத்துக்குப் பிறகு முதல் பேச்சு! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். கதவின் இரும்பு சுட்டு, என் கைகளில் கட்டுப் போட்டிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன்தான் எழுதுகிறார். பத்து நாளில் பிரித்துவிடுவார்கள், பயப்படாதே. சோறும் அவரே ஊட்டுகிறார், அதுவும் பெரிய பெரிய உருண்டையாக.

"பிள்ளையைப் பார்க்க நானும் கூட வர்றேன்னு எழுதிக்கிறேன்" என்கிறார்.

"எழுதிக்கங்க மச்சான்" என்றேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரனும் உன் அண்ணனும்