தாலிக்கு ஒரு கொக்கி

எப்சி,

மேடவாக்கம் டிராஃபிக்குக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பறேன், உன்னை எழுப்பல. மீன் குழம்பு ஃபிரிட்ஜ்ல இருக்கு, சாதம் மட்டும் வடிச்சுக்கோ.

சர்ச் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரை ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும்னு நீ ஒத்தக்கால்ல நிப்பேன்னு தெரியும். பக்கத்து வீட்டு ஜெயசீலி அக்கா பதினோரு மணிக்கு வந்து உன்கூட உட்கார்றாங்க. அதுவரைக்கும் மூடியைத் திறக்காத. திறந்ததும் உள்ள கரண்ட் இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாரு, அப்புறம் கை வை.

நேத்து பிளக்கைப் பிடுங்கிட்டுதான் குனிஞ்ச. ஆனா கெப்பாசிட்டர்ல கரண்ட் மிச்சம் இருந்துச்சு. தாலிச் செயின் தொங்கி அதுல பட்டுப் பொறி பறந்துச்சு. நீ சிரிச்ச. எனக்குச் சிரிப்பு வரல.

கழட்டி வைன்னா, "கட்டின புருஷன் பேசுற பேச்சா இது?"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட. கோபம் இருந்தா இருக்கட்டும். டேபிளுக்கு மேல கொக்கி ஒட்டியிருக்கேன். செயினை அதுல மாட்டிட்டு வேலையைப் பாரு.

ஜெர்சன்

மோதிரத்தையும் கழட்டு.

இன்னொண்ணு. தாலியைக் கழட்டினா எனக்கு ஏதாவது ஆயிடும்னுதானே பயப்படுற? எனக்கு ஒண்ணும் ஆகாது. ஏழு மணிக்கு வந்து நானே போட்டு விடறேன். போட்டுக்க நீ இருக்கணும்.