முகம் காட்டாத சுவர்

திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. உங்கள் நலத்தைச் சிகிச்சை மையத்து நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன். போனில் நீங்கள் ‘ம்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. கடிதமென்றால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் தோன்றும்போது படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

குளியலறை வேலை தொடங்கிவிட்டது. நீங்கள் வீடு திரும்புமுன் செய்யச் சொல்லி டாக்டர் சொன்னதையெல்லாம் டைல்ஸ்காரரிடம் சொல்லிவிட்டேன். நிலைப்படி போய்விடும். உங்கள் வலது கை விரல்கள் முழுதாக நிமிர நாளாகும் என்பதால், திருகும் குழாய்க்குப் பதில் முழங்கையாலேயே தள்ளித் திறக்கிற குழாய். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. பழைய டைல்ஸை உடைக்கும் சத்தம் தாங்காமல் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, “வீட்டையே இடிக்கிறீங்களோன்னு நெனச்சேன்” என்றார். இப்போது குளிக்க அவர் வீட்டைத்தான் நம்பியிருப்பதால் சிரித்துவைத்தேன்.

நீங்கள் தனியாகச் சொன்னதையும் மறக்கவில்லை. கண்ணாடி கூடாது, பளபளக்கிற எதுவும் கூடாது, மங்கலான மஞ்சள் விளக்கு போதும். காரணத்தை நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பட்டறையில் சாயத் தொட்டியின் மூடி ஆவியோடு உங்கள் மேல் எகிறிய நாளிலிருந்து நமக்குள் பல பேச்சுகள் இந்த அளவில் நின்றுவிடுகின்றன. பழைய கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி மகளுடைய கட்டிலுக்கடியில் வைத்தாயிற்று.

ஆனால் ஒன்று சொல்கிறேன். முகம் காட்டாத பொருளைத் தேடி வாங்குவது லேசான காரியமில்லை. கடையில் ஒவ்வொரு டைல்ஸையும் எடுத்துச் சாய்த்து, அதில் நான் தெரிகிறேனா என்று பார்த்தேன். வழவழப்பானவற்றில் எல்லாம் நெற்றியும் மூக்குக்கண்ணாடியும் தெரிந்தன. கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “முகம் பாத்து டைல்ஸ் வாங்கற ஆள இப்பத்தான் பாக்கறேன். எல்லாரும் பளபளன்னு கேப்பாங்க, நீங்க என்னம்மா மங்கலாக் கேக்கறீங்க?” என்றார். துடைக்கச் சுலபமாக இருக்குமென்று ஏதோ உளறினேன். அது பொய் என்று அவருக்குத் தெரியும். மங்கல் டைல்ஸ் சோப்புக்கறையை வெளியே காட்டாது, ஆனால் விடவும் விடாது என்று அவரே விளக்கினார்.

நீங்கள் சாயம் ஒப்பிடும்போது சொல்வீர்களே, கடை வெளிச்சத்தில் நிறத்தை நம்பாதே என்று. அதனால் மூன்று துண்டுகளைத் தெருவுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். ஒன்று சாம்பல், ஒன்று மணல் நிறம், ஒன்று காய்ந்த இலைப் பச்சை. மூன்றிலும் முகம் தெரியாது. துண்டுகளைப் பார்சலில் அனுப்புகிறேன். எது என்று சொல்லுங்கள். ஒரே தடவையில் சுட்ட சரக்காக மொத்தமும் வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறிவிடுமாம். உங்களிடம் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

சாம்பல் ஆஸ்பத்திரி போல இருக்கிறது என்று செய்தி அனுப்பினீர்கள். சரி என்றேன். மணல் நிறம் என்றீர்கள். மறுநாள் அதுவும் வேண்டாம், தோல் நிறம் போல இருக்கிறது என்றீர்கள். அதற்கும் சரி என்றேன். இப்போது ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்கிறீர்கள். டைல்ஸ்காரர் தரையிலும் சுவரிலும் சிமெண்ட் பூசி முடித்துவிட்டு, “சார் என்ன, கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்கறாரு?” என்று கேட்டுவிட்டு வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

குழாய்கள் வந்தன. ஒரு தவறு நடந்துவிட்டது. சுவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் குழாயின் மேற்பூச்சைக் கவனிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு குழாயிலும் உப்பிய கன்னமும் சின்னக் கண்ணுமாக நான். மாற்றிக்கொண்டு வந்தேன். இப்போது மங்கல் பூச்சு. கம்பி, கொக்கி, கதவுத் தாழ்ப்பாள் வரை அதுவேதான். என் ஆய்வுக்கூட வேலையில் தண்ணீர் சோதிக்கும்போதுகூட நான் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

மகள் விடுதியிலிருந்து வந்திருக்கிறாள். கட்டிலுக்கடியில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றேன். “அப்பாவை ஒளிச்சு வைக்கப் போறோமாம்மா?” என்று கேட்டாள். அதிகம் பேசாதே என்று அதட்டினேன். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். உங்களைப் போலவே கோபம் வந்தால் தட்டைக் கழுவிவைக்கிறாள்.

எலக்ட்ரீஷியன் வந்து நீங்கள் சொன்ன மஞ்சள் விளக்கை மாட்டிக் காட்டினார். “மேடம், இது குளிக்கிற இடமா, சினிமாக் கொட்டகையா? சோப்பு எங்கன்னு தடவித்தான் எடுக்கணும்” என்றார். இருக்கட்டும் என்றேன்.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். எழுத வேண்டியது வேறு. நேற்று நர்ஸ் போன் செய்தார். ஒட்டுப்போட்ட தோலுக்கு உணர்ச்சி இல்லை, வெடித்தாலும் சீழ் பிடித்தாலும் உங்களுக்கு வலிக்காது என்றார். அதனால் வீட்டுக்கு வந்த பிறகு தினமும் குளித்ததும் தாடை, காதுக்குப் பின்புறம், கழுத்து எல்லாவற்றையும் நல்ல வெள்ளை வெளிச்சத்தில் பார்த்துக் களிம்பு போட வேண்டுமாம். “கண்ணாடி நல்லாப் பெருசா மாட்டிடுங்க. இல்லைன்னா வேற யாராவது பாக்கணும். ரெண்டுல ஒண்ணு கட்டாயம்” என்றார். நீங்கள் என்னிடம் கேட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். உங்களை அனுப்பிவைக்க டாக்டர் சம்மதித்து நாளாகிவிட்டதாம். வீட்டில் குளியலறை வேலை முடியவில்லை என்று நீங்கள்தான் தள்ளிப்போடுகிறீர்களாம். “அப்படி என்னங்க வேலை, அரண்மனையா கட்டறீங்க?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். போனை வைத்தபின் சிமெண்ட் காய்ந்த சுவரைப் பார்த்தபடி நின்றேன். சாம்பலும் மணலும் ஏன் பிடிக்காமல் போயின என்று அப்போதுதான் புரிந்தது. எந்த நிறத்தை அனுப்பியிருந்தாலும் உங்களுக்குப் பிடித்திருக்காது.

இரண்டு நாள் யோசிக்கப்போகிறேன். நீங்களும் யோசியுங்கள்.

உங்கள் மனைவி


வெள்ளிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

உங்களைக் கேட்காமல் பச்சையை வாங்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் உங்களைக் கேட்காமல் ஒரு நிறத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. என் புடவைகளைக்கூட நீங்கள்தான் வெயிலில் பிடித்துப் பார்ப்பீர்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று இங்கே வந்து சொல்லுங்கள். சுவர் முடிந்தது, தரை முடிந்தது, இடுக்குகளில் பூச்சும் காய்ந்துவிட்டது. டைல்ஸ்காரர் போகும்போது, “இனி சார் வேணாம்னு சொன்னாலும் உரிக்க முடியாதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடி இருந்த இடத்திலும் டைல்ஸ்தான். அதில் நீங்கள் கேட்டபடியே செய்துவிட்டேன்.

விளக்கில் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. மஞ்சளைக் கழற்றிவிட்டு வெள்ளை போட்டிருக்கிறேன், மேலே ஒன்று, பக்கச்சுவரில் கழுத்துயரத்தில் ஒன்று. வெளிச்சம் தாடைக்கடியில் விழுகிறதா என்று தெரிய வேண்டுமே, அதனால் நானே முக்காலியில் உட்கார்ந்து மகளைப் பார்க்கச் சொன்னேன். அவள் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். காது மடலை மடித்தாள். “அம்மா, இங்க உனக்கு ஒரு மச்சம் இருக்கு, தெரியுமா?” என்றாள். எனக்குத் தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில் என் காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. “அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள். வேலையைக் கவனி என்றேன். அவள் விரல் பட்ட இடத்தில் கொஞ்ச நேரம் ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. ஒருவர் நம்மை அத்தனை கிட்டத்தில் பார்ப்பது எளிதில்லை. அது தெரிந்துதான் அடுத்ததை எழுதுகிறேன்.

கட்டுப் பிரித்த பிறகு நான் வந்தபோதெல்லாம் அறை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நான் உங்கள் முதுகோடு பேசிவிட்டு வந்தேன். பிறகு வர வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. உங்கள் விருப்பம் என்று இருந்துவிட்டேன். இனி அப்படி இருக்க முடியாது. கண்ணாடி இல்லையென்றால் வேறு யாராவது பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அந்த யாராவது நான்தான். தினமும் நீங்கள் குளித்து முடித்ததும் வெள்ளை விளக்கைப் போட்டு, காதிலிருந்து கழுத்துவரை பார்த்துக் களிம்பு போடப்போகிறேன்.

அழகாக எதுவும் சொல்ல எனக்கு வராது. எனக்கு ஒன்றுமே தோன்றாது என்றோ, நீங்கள் முன்பு போலவே இருப்பீர்கள் என்றோ எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பமாட்டேன். முதல் நாள் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. கோணினாலும் கோணலாம். நீங்கள் அதைக் கவனிப்பீர்கள், உங்களிடம் எதையும் மறைக்க முடியாது. அன்றைக்கு என்னைத் திட்டினாலும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மறுநாளும் பார்ப்பேன். அதற்கு மறுநாளும் பார்ப்பேன். அதுமட்டும்தான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

வீட்டில் இனி எந்த வேலையும் பாக்கியில்லை. இதை நர்ஸிடமும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் நீங்கள் ராத்திரி பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னீர்களாம், அதில் கூட்டமிருக்காது, விளக்கை அணைத்துவிடுவார்கள் என்று. வேண்டாம். காலை ரயிலில் வாருங்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் உட்காருங்கள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். நண்பகலுக்கு இங்கே வந்துவிடும். மகளும் நானும் ஸ்டேஷனில் இருப்போம். வாசல் பக்கம் போகாமல் நடைமேடையிலேயே, வண்டி வந்து நிற்கும் இடத்திலேயே நிற்போம். பகலில் வாருங்கள்.

காத்திருக்கும்,
உங்கள் மனைவி