மெதுவாக ஊத வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கார் கற்றுக்கொள்ள ஒரு புதிய மாணவி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நான் இருமிய போதெல்லாம் பிரேக்கை மிதித்தார். சொல்லிக்கொடுப்பவர் இருமினால் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டாராம். நாற்சந்தி நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அப்புறம் எழுந்து போய்த் தன் இன்ஹேலரை எடுத்துவந்தாள். "ஏங்க, மறந்துட்டீங்களா? இழுங்க." ஒரு மாதமாக இப்படித்தான். இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. காலை மாலை தவறாமல் இழுக்க வேண்டிய மருந்து அது. எனக்குக் கேக்கற மருந்து உங்களுக்குக் கேக்காதா என்பது இவளுடைய வைத்தியம். கேட்கவும் செய்கிறது, அதுதான் வேடிக்கை. இருமல் பாதியாகிவிட்டது.

"உனக்கு?" என்றேன்.

"என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

மார்ச் 8, ஞாயிறு

மீதிப் பாதி போக மாட்டேன் என்கிறது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வெறும் சூட்டு இருமல் என்றான். நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. என் பயத்தை இவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கிறது. தான் போகிற நெஞ்சு டாக்டரிடமே எனக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

இன்று மூச்சுப் பரிசோதனை. காபி கூடாது, கீரை கூடாது, பீட்ரூட் கூடாது. அளவைக் கெடுத்துவிடுமாம். காலையில் சமையலறைப் பக்கமே என்னை விடவில்லை இவள்.

ஊதுகிற அறையில் ஒரு சின்னப் பெண், டெக்னீஷியன். அவள் அதட்டலுக்கு "டீச்சரம்மா" என்று மனத்துக்குள் பெயர் வைத்தேன். கையில் ஒரு சிறிய கருவி, எதிரே திரையில் ஒரு பலூன். இரண்டு கோடுகளுக்கு நடுவில் அது மிதக்கும்படி ஊத வேண்டும். நான் ஊதிய ஊதலில் பலூன் கூரையில் போய் முட்டியது.

"சார், மெழுகுவத்தியா அணைக்கறீங்க? மெதுவா, ஒரே சீரா விடுங்க."

கிளச்சை மெதுவாக விடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். நாலாவது தடவையில்தான் தேறினேன். மூச்சுக்குழாய்க்குள் ஆஸ்துமா வீக்கம் இருந்தால், வெளியே விடுகிற காற்றில் ஒரு வாயு கூடுதலாக வருமாம். எனக்குப் பதினான்கு. குறைவு.

"இத மட்டும் வெச்சு ஆஸ்துமா இல்லன்னு சொல்லிட முடியாது. ஆனா இதுல அதுக்கான அடையாளம் எதுவும் தெரியல" என்றார் டாக்டர். "ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மருந்து என்றதும் எனக்கு எழுதிக்கொடுத்த மருந்துதான் நினைவுக்கு வந்தது. இன்ஹேலர் இவளுடையதல்லவா? இவள் என்னைப் பார்த்தாள், பிறகு மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள். அதன் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

ஆஸ்துமா இல்லையென்றால் — அப்புறம் என்ன?

மார்ச் 15, ஞாயிறு

இவளுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர ஆரம்பித்தேன். கல்யாணமான நாளிலிருந்து மாட்டேன் என்று சாதித்தவள்.

"இப்ப என்னத்துக்கு?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. நான் போய்விட்டால் இவளை யார் கடைக்குக் கூட்டிப்போவார்கள், யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்? இவளுக்கும் அது புரிந்ததோ என்னவோ, மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தாள். ஹாரன் அடித்துவிட்டு, நடந்துபோகிறவர்களிடம் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்கிறாள். இந்த வேகத்தில் இவள் உரிமம் வாங்குவதைப் பார்க்க நான் நூறு வயது வரை இருக்க வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

இவள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். பெல்ட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, ஓரம் கட்டச் சொல்லி இன்ஜினை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. இவள் நெஞ்சிலிருந்து வந்தது.

"மருந்து எடுக்கறியா இல்லையா?"

"எடுக்கறேன், எடுக்கறேன். தையல் தூசிங்க."

ஏப்ரல் 2, வியாழன்

ஸ்கேனில் ஒன்றுமில்லை. கட்டி கிட்டி எதுவும் இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன்.

ஆனால் டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. மாடியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இவளைப் பார்த்தார். "நீங்களும் போய் ஊதிட்டு வாங்கம்மா" என்றார்.

எழுபத்தொன்று.

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இவர் மூச்சு, மருந்து ஒழுங்கா எடுக்கற ஆஸ்துமாக்காரர் மூச்சு மாதிரி இருக்கு. நீங்க பழைய ஆஸ்துமாக்காரங்க, உங்க மூச்சுல மருந்து போன தடமே இல்ல. என்னம்மா நடக்குது வீட்ல?"

இவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "ஆஸ்பத்திரில மாசத்துக்கு ஒண்ணுதான் குடுப்பாங்க டாக்டர். ரெண்டு பேருக்கு வராது. சொன்னா இவருக்குக் குடுக்காதேன்னுடுவீங்க. அந்த இருமலக் கேட்டுட்டு எப்படி டாக்டர் சும்மா இருக்கறது?"

இன்னொன்று இருக்கிறது என்றாளே, இன்னொன்று என்று ஒன்று கிடையவே கிடையாது. தனக்கு வைத்துக்கொள்ளாமல் எனக்குக் கொடுத்திருக்கிறாள். என்ன பொம்பள இவ? மூச்சு விட முடியாம உக்காந்துக்கிட்டு, எனக்கு இழுங்க இழுங்கன்னு —

அங்கேயே அழுதுவிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை டாக்டர் பொறுத்திருந்து, பிறகு இருவரையும் நன்றாகத் திட்டினார். இவள் இன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறாமல் எடுக்க வேண்டும். நான் தொடவே கூடாது. நாலு வாரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். இடையில் மூச்சு முட்டினால் உடனே வர வேண்டும்.

ஏப்ரல் 3, வெள்ளி

காலை முழுக்கக் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மதியம் கேட்டுவிட்டேன். "உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்னடி பண்ணியிருப்பேன்?"

"உங்களுக்கு ஆயிருந்தா நான் மட்டும் என்ன பண்ணியிருப்பேன்?"

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 18, சனி

இருமல், இருமல். தலைமையாசிரியை இப்போதெல்லாம் பிரேக் போடுவதில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்.

ஏப்ரல் 30, வியாழன்

நான் ஊதிய முதல் தடவையிலேயே பலூன் கோடுகளுக்குள் நின்றது. டீச்சரம்மா கைதட்டினாள். அறுபத்து மூன்று. பலமாக ஊதிப் பார்க்கிற இன்னொரு பரிசோதனையும் அதையேதான் சொல்கிறது: எனக்கும் ஆஸ்துமா.

எனக்கென்று தனியாக ஒரு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார் டாக்டர். இவள் அவரிடம் நன்றி சொன்ன விதத்தைப் பார்த்தால், எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்படி ஒரு வியாதிக்காக யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா?

மே 31, ஞாயிறு

மதியம் இவள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். காற்று வருவதும் போவதும் மட்டும்தான். வேறு சத்தம் இல்லை.

"என்னங்க, இருக்கேனா போயிட்டேனான்னு பாக்கறீங்களா?" கண்ணைத் திறக்கவில்லை.

"மருந்து எடுத்தியான்னு பாத்தேன்."

"எடுத்தாச்சு. நீங்க?"

மறந்திருந்தேன். எழுந்து போய் என்னுடையதை எடுத்து இழுத்தேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் இவள் மறுபடி தூங்கினாள்.