பச்சை நூல்

மார்ச் 7, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரே நாற்காலியில் பாதி வாரம் நீங்கள், பாதி வாரம் நான். ஆனாலும் ஒரு மாதமாக உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆர்டர் குறைந்தபோது யாரையும் வெளியே அனுப்பாமல், இரண்டு பேருக்கு ஒரு மெஷின் என்று பங்கு போட்டார்களே, அதுவே பெரிய விஷயம். என் வீட்டுக்காரர் இன்னும் வேலை தேடி அலைகிறார்.

ஒரு சின்னக் குறை. நாற்காலியை ஏன் இப்படித் தாழ்த்தி வைக்கிறீர்கள்? வியாழக்கிழமை உட்கார்ந்தால் முகவாய் மேசையில் இடிக்கிறது. பதிலை நம் லாக்கரிலேயே வையுங்கள்.

உங்கள்
வாயாடி

மார்ச் 11, புதன்

அன்புத் தங்கச்சி,

நீ இவ்வளவு குள்ளம் என்பதை மறந்தே போகிறேன். இனி நாற்காலியை ஏற்றிவிட்டே கிளம்புகிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வாயைத் திறக்காதே. வலது கை விரல்கள் மரத்துப் போகின்றன. மெல்லிய கம்பி பிடிபடவில்லை. எட்டு மோட்டார் காயிலைப் பாதி கம்பி சுற்றியதோடு தட்டின் அடியில் வைத்திருக்கிறேன். சுற்றி முடித்து, என் சிவப்பு நூலைக் கட்டிவிடு. நூலின் நிறத்தைப் பார்த்துத்தானே யாருடைய வேலை என்று சூப்பர்வைசர் குறித்துக்கொள்கிறார். மகள் படிப்பு முடிய ஒரு வருடம்தான். அதுவரை ஓட்டிவிட்டால் போதும்.

அக்கா

மார்ச் 14, சனி

அக்கா,

எட்டும் முடிந்தது, சிவப்பும் கட்டியாகிவிட்டது. வாராவாரம் வையுங்கள். இதற்குக்கூட இல்லாவிட்டால் நான் எதற்கு? டாக்டரிடம் போங்கள்.

வாயாடி

ஏப்ரல் 8, புதன்

அன்புத் தங்கச்சி,

சூப்பர்வைசர் கூப்பிட்டார். "மூணு வாரமா உங்க வேலை குறையுதே, உடம்புக்கு முடியலையா?" என்றார். முடிகிறது என்றேன். அடுத்த மாதத்திலிருந்து ஒரு மெஷினுக்கு ஓர் ஆள்தானாம்.

லாக்கரில் என் நூல்கண்டு மூன்று வாரமாக, புதன்கிழமை நான் விட்டுப்போன அளவிலேயே திங்கட்கிழமையும் இருக்கிறது. நீ வேறு சிவப்பு நூல் வாங்கிக் கட்டியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படித்தானே?

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வீட்டு விலாசத்துக்கு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் சுற்றி வளைத்தேன். இதில் சொல்லிவிடுகிறேன். அதிகம் முடிக்கிற ஒருவர்தான் வேலையில் நிற்க முடியும் என்று சூப்பர்வைசர் என்னிடம் மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உங்கள் காயில்களில் என் பச்சை நூலைத்தான் கட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

எல்லாம் தெரிந்த பிறகும், கடைசிப் புதன்கிழமை நாற்காலியை எனக்காக ஏற்றிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதில் உட்காரவே கூசுகிறது. திட்டியாவது ஒரு வரி எழுதக்கூடாதா?

இப்போது ஆறு நாளும் நான்தான், இரண்டு பேர் வேலை. பத்து நாளாக என் ஆள்காட்டி விரல் மரத்துப் போகிறது. புதன்கிழமை நான்கு காயிலை முடிக்க முடியவில்லை. பழக்கத்தில் தட்டின் அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை காலை நானேதான் வந்து எடுத்தேன்.

வாயாடி