எதிரே பஸ் வராத ஐந்து இதழ்கள்

எந்த வண்டி திரும்பினாலும் எழுந்து நின்று பார்க்கும் என் அண்ணன் சுந்தரத்துக்கு,

மணி பதினொன்று ஆகப்போகிறது. கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொல்வதுகூடப் பொய். இந்த இரண்டு வரிக்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு தடவை ஃபேனைக் கூட்ட, ஒரு தடவை குறைக்க, இன்னொரு தடவை எதற்கென்றே தெரியவில்லை.

இந்த மாத இதழில் முப்பத்தொரு பக்கம் அச்சகத்துக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தாயிற்று. "என்னக்கா, எல்லாம் ரெடியா இருக்கு, நீங்க ஒரு பக்கத்த வச்சிக்கிட்டு என்ன பண்றீங்க?" என்கிறார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'ஏறினேன், இறங்கினேன்', எழுதுபவர் செங்கீரையான். உன் பக்கம்தான்.

பஸ் ரசிகர்களுக்கென்று ஒரு பத்திரிகை என்று நீ முதன்முதலில் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா? "பஸ்ஸுக்கு ரசிகனா? அது என்ன நடிக்கிதா, பாடுதா?" என்று கேட்டேன். நீ என்னைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாய். அங்கே காலேஜ் பையன்கள், மெடிக்கல் கடைக்காரர், ரிட்டயரான ஒரு தாசில்தார் என்று பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புதிதாக பாடி கட்டி வந்த ஒரு வண்டி உள்ளே நுழைந்ததும் கல்யாண மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஓடினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நீயும் அவர்களோடு ஓடினாய்.

இதையெல்லாம் போனிலேயே போட்டுக்கொள்ளலாமே, எதற்குக் காகிதம் என்றேன். "போன்ல போட்டா வெரலால தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க கலை. காகிதம்னா பஸ்ல போறப்ப மடியில வச்சிருப்பாங்க" என்றாய். அதற்கு மேல் உன்னிடம் பேச முடியுமா? என் டி.டி.பி. கடைக் கம்ப்யூட்டரில்தான் 'முதல் நடை' பிறந்தது. முதல் இதழ் எட்டே பக்கம், ஜெராக்ஸ். நீ அரசாங்க ஆபீசில் வேலை பார்த்ததால் புனைபெயர் வைத்துக்கொண்டாய். ஆசிரியர் என்று என் பெயரைப் போட்டாய். பஸ் என்றாலே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்காரும் ஒருத்தி பஸ் பத்திரிகைக்கு ஆசிரியர். இந்த அநியாயம் எங்காவது நடக்குமா?

நீ போன அன்றைக்கு எட்டாம் பக்கம் வரை முடித்திருந்தேன். உன் கட்டுரை ஏற்கெனவே என் கம்ப்யூட்டரில் இருந்தது. காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்தபோது அது அப்படியே திரையில் நின்றது. அதைப் போடாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. போட்டேன். கீழே உன் மரணச் செய்தியையும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால் என்ன சொல்வேன்? அதைத் தட்டச்சு செய்ய விரல் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு மாதம் உன் நோட்டுகளிலிருந்து ஓட்டினேன். வாசகர்கள் புகழ்ந்து எழுதினார்கள். நோட்டு தீர்ந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் பத்திரிகை வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுகிற பக்கம் அது. அந்தப் பக்கம் இல்லையென்றால் யார் வாங்குவார்கள் என்று பயந்தேன். உன் ஒரே விதி எனக்குத் தெரியும். ஏறாத வண்டியைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாது. சரி, ஏறிவிடுவோம் என்று கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு பொன்னமராவதி போனேன், கந்தர்வகோட்டை போனேன், ஜெகதாப்பட்டினம் போனேன். எலுமிச்சம்பழம் பையில்தான் இருந்தது. வந்து எழுதி, கீழே செங்கீரையான் என்று போட்டேன். ஐந்து இதழ்.

உனக்கு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். 'முதல் நடை' வளர்ந்துவிட்டது அண்ணே. முப்பத்திரண்டு பக்கம், அட்டை கலர். கட்டுகளை இன்னும் பஸ்ஸில்தான் அனுப்புகிறேன். கண்டக்டர்கள் பார்சலை வாங்கும்போதே ஒரு இதழை உருவி எடுத்துக்கொள்கிறார்கள், நானும் கண்டுகொள்வதில்லை. காரைக்குடி, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் போகிறது. குவைத்தில் இருக்கும் ஆலங்குடிக்காரர் ஒருவர் தன் ஊர் வண்டி அட்டையில் வந்த இதழை ரூம் சுவரில் ஒட்டியிருப்பதாகப் படம் அனுப்பினார். போன மாதம் வாசகர் கூட்டம்கூட நடத்தினோம். நீ இருந்திருந்தால் அன்று சோறு இறங்கியிருக்காது உனக்கு.

அந்தக் கூட்டத்தில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "செங்கீரையான் சார் எங்க?" டிரெய்னிங்குக்காக மெட்ராஸ் போயிருக்கிறார் என்றேன். பொன்னமராவதியிலிருந்து வந்த ஒரு தச்சர் உனக்காக மரத்தில் ஒரு பஸ் செய்து கொண்டுவந்திருந்தார். முன்னால் ஊர்ப் பெயர் எழுதுகிற இடத்தில் உன் புனைபெயரைச் செதுக்கியிருந்தார். "அவரு கையில குடுக்கணும்னு வந்தேன். பரவாயில்ல, நீங்க குடுத்துருங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்து நன்றியும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை.

போன வியாழக்கிழமை சகாயராஜ் என்று ஒருவர் கடைக்கு வந்தார். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை, ஐம்பது வயதிருக்கும். முதல் இதழிலிருந்து சந்தாதாரர். கையில் பிளாஸ்டிக் உறையில் பழைய இதழ்கள் அத்தனையும் வைத்திருந்தார். எங்கள் ஊர் ரூட் பற்றி எழுதியதற்கு நன்றி சொல்ல வந்தேன் என்றார். டீ சொன்னேன். டீ வருவதற்குள் இரண்டு இதழ்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது அவரு ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்க ரூட்டுல வந்து எழுதுனது. இது போன மாசம் எழுதுனது. ரெண்டும் ஒரே ரோடுதான். நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களேம்மா?"

"கேளுங்க சார்."

"பழசுல பாருங்க, எதுத்தாப்புல வண்டி வந்துக்கிட்டே இருக்கு. டிரைவரு கையத் தூக்குறாரு, அவரு லைட்டப் போடுறாரு. எந்த டிரைவருக்கும் எந்த டிரைவருக்கும் பேச்சு இல்லங்கிறதுகூட எழுதுவாரு. அஞ்சு மாசமா எதுத்தாப்புல ஒரு பஸ்ஸும் வரலம்மா. அதுக்குப் பதிலா யாரு ஏறுறாங்க, யாரு எறங்குறாங்க, மீன் விக்கிற அக்கா ஏனத்த எங்க வச்சிச்சு, அதான் வருது." புது இதழை என் பக்கம் திருப்பி வைத்து மெதுவாகக் கேட்டார். "இத எழுதுனவங்க லேடீஸ் சீட்ல உக்காந்துல்ல வந்திருக்காங்க?"

அண்ணே, சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். நீ எப்போதும் டிரைவருக்குப் பின்னால், வலப்பக்கம் உட்காருவாய். எதிரே வருகிற வண்டி உன் முகத்துக்கு நேரே வரும். நான் உட்கார்ந்தது இடப்பக்கத்துப் பெண்கள் சீட்டில். அங்கிருந்து படிக்கட்டுதான் தெரியும். உன்னைப்போல் எழுத நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? உன் சின்னச் சின்ன வாக்கியங்கள், உன் கிண்டல், அத்தனையும் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்தேன். சீட்டை மட்டும் யோசிக்கவில்லை. பஸ் பைத்தியங்கள் படிக்கிற பத்திரிகையில் சீட்டைக் கோட்டை விட்டேன். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நான் மேசையிலிருந்த இதழ்களையே புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. "எப்பம்மா?" என்றார்.

"எட்டு மாசம் ஆச்சு சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இதழ்களைத் திரும்ப உறைக்குள் அடுக்கினார். "எங்க ஊருல கடலுக்குப் போன போட்டு வரலேன்னா, புடிச்சிட்டுப் போயிட்டாங்களா, முங்கிருச்சா, ஒண்ணும் தெரியாது. என் தம்பி விசயத்துல ஒம்பது நாள் அப்புடி இருந்தோம். அவன் வந்துட்டான், அது வேற. ஆனா அந்த ஒம்பது நாள் இருக்கே... ஒரு ஆளு இல்லேன்னா இல்லேன்னு சொல்லிரணும்மா. இருக்காருன்னு வச்சிக்கிட்டு இருக்கக்கூடாது" என்றார். டீயை மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, "வாரேன்" என்று கிளம்பினார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவராகவே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று திருவரங்குளம் போய் அண்ணியைப் பார்த்தேன். உண்மையை அச்சில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"ஒங்க அண்ணன் ஒரு தடவ செத்தது பத்தாதா ஒனக்கு?" என்றாள். "மாசாமாசம் அந்தப் பேரு அச்சுல வருது. தபால்காரரு இன்னமும் 'செங்கீரையான் எழுதுன பொஸ்தகம்'னுதான் குடுத்துட்டுப் போறாரு. எனக்கு வேற என்ன இருக்கு? அதையும் எடுத்துரு. ஒனக்கு நிம்மதின்னா எடுத்துரு."

நான் பஸ் ஏறிவிட்டேன். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே, நீயே சொல். உன் பெயரை நான் எதற்காக வைத்திருந்தேன்? அண்ணிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். பத்திரிகைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவா? என் பெயரில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற பயம்தான். பழி உன் மேல் போகட்டும், பாராட்டும் உன் மேல் போகட்டும், நான் பத்திரமாக ஓரத்தில் இருந்துகொள்கிறேன் என்று இருந்துவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபமாகவும் இருக்கிறது. நாற்பத்தாறு வயசு ஒரு வயசா? என்னை இதில் இழுத்துவிட்டு இப்படியா பாதியில் இறங்கிப்போவது?

இன்று காலை ஒன்பது மணிக்கு அண்ணி போன் பண்ணினாள். ஹலோகூடச் சொல்லவில்லை. "போட்டுரு. பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போடாத. கறுப்புக் கட்டம் கட்டாத. அவருக்கு அதெல்லாம் புடிக்காது" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது, "அடுத்த மாசமும் எனக்கு ஒரு பொஸ்தகம் அனுப்பு. நீ எழுதுறதையும் படிக்கிறேன்" என்றாள். போனை வைத்த பிறகு அழுதேன் அண்ணே. எட்டு மாதத்தில் அப்படி அழவில்லை.

ஆகவே உன் பக்கத்தில் இந்த மாதம் இந்தக் கடிதம்தான் போகிறது. படிக்கிறவர்களும் இங்கேயே தெரிந்துகொள்ளட்டும்: செங்கீரையான் என்ற சுந்தரம் எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்தவற்றில் முதல் மூன்று கட்டுரைகள் அவருடையவை. ஐந்து அவருடையவை அல்ல. மர பஸ் செய்து தந்தவரின் வீட்டுக்கு இந்த ஞாயிறு நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன். சந்தாவை நிறுத்துகிறவர்கள் நிறுத்தலாம், எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது.

இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை. கட்டு கட்டாகத் திரும்பி வருமோ? படிக்கட்டில் ஏறுகிற ஆட்களைப் பற்றிப் படிக்க யாராவது மிச்சம் இருப்பார்களோ? அச்சகத்திலிருந்து மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார்கள். எடுக்கத்தான் வேண்டும்.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நீ ஏறாத வண்டியில் இனி உன்னை ஏற்ற மாட்டேன். நான் பார்த்ததை நான் பார்த்தேன் என்றே எழுதுவேன், இடப்பக்கத்திலிருந்து, என் பெயரில்.

உன் கூடப்பிறந்தவள்,
இந்தப் பக்கத்தை எழுதியவள்,
கலைச்செல்வி