அந்த இடத்தைச் சொல்லாதே

துரோம்சோ,
செப்டம்பர், செவ்வாய்.

அன்புத் தம்பி எய்லிஃபுக்கு,

அக்கா குன்வோர் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

நேற்று எனக்கு அடிக்குடலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமேயில்லையடா, இதற்கா இத்தனை நடுங்கினேன்! வீட்டிலேயே எனிமா வைத்துக்கொண்டு வயிற்றைக் காலி செய்துவிட்டுப் போனேன். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். மயக்க மருந்து கிடையாது. உள்ளே காற்று ஊதியபோது வயிறு உப்பிக் கொஞ்சம் பிடித்தது. பிறகு அந்தக் காற்று சத்தமாக வெளியே வந்தது. வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன். "விடுங்கம்மா, இங்க எல்லாரும் விடுறதுதான்" என்றாள் நர்ஸ்.

திரையில் என் குடல் தெரிந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, வளைந்து வளைந்து போகிற பாதை. கனவில் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டே கிடந்தேன். திடீரென்று பொன்னிறப் பொட்டுகள் மிதந்தன. விதையுள்ள பழம் வேண்டாம் என்று சொல்லித்தான் இருந்தார்கள். நீ சதுப்பில் பறித்து அனுப்பிய முல்தே பழ ஜாமைத் திறந்த பிறகு கை நிற்குமா?

நர்ஸும் நம் ஊர்ப் பக்கத்துக்காரி. "அட, இது முல்தேதானே! எந்தச் சதுப்புல பறிச்சீங்க?" என்றாள். "தம்பிக்குத்தான் தெரியும், அவன் கல்லுளிமங்கன்" என்றேன். டாக்டரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு குட்டிக் கட்டியைக் கிள்ளி எடுத்தார். வலிக்கவேயில்லை. விட்டிருந்தால் பின்னால் புற்றாகியிருக்கலாமாம். கால் மணி நேரத்தில் எழுந்து, மூடுபனியில் நானே நடந்து வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய்: "ரத்தம் போறது நிக்கலக்கா. மூலமாத்தான் இருக்கும், அது கெடக்கட்டும். அந்த முல்தே எடத்தை உனக்குச் சொல்லிடறேன்."

இத்தனை வருஷம் கெஞ்சியும் ஏதாவது பொய் சொல்லியே தப்பியவன்! அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நம் ஊரில் அந்த இடத்தை எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவும் மூலம் மூலம் என்றே நாளைக் கடத்தினார். கடைசிப் படுக்கையில் விழுந்த பிறகுதானே உன்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்?

உன் டாக்டரிடம் நானே பேசிவிட்டேன். அடுத்த வாரம் வியாழன் உனக்கும் இதே பரிசோதனை. ரத்தம் உறையாமலிருக்க நீ போடும் மாத்திரையைப் பற்றி இப்போதே அவர்களுக்குச் சொல்லிவிடு. நான் வந்து வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த இடத்தை மட்டும் என்னிடம் சொல்லாதே. அடுத்த கோடையிலும் வாளியோடு நீயே போ. எங்கே என்று நான் கேட்பேன். எப்போதும்போல் பொய் சொல்லடா, என் கண்ணே.

உன் அக்கா,
குன்வோர்