சாக்கிலிருந்து எடுத்த தேங்காய்

6 ஜூன் 2005, திங்கள்

மழை. பழவங்காடியில் கூட்டமே இல்லை. இந்த டைரி என் மகள் ரெஷ்மா படித்த கோச்சிங் சென்டரில் இனாமாகக் கொடுத்தது. "எனக்கு நேரமில்ல, நீ எழுதும்மா" என்று தந்துவிட்டாள். நான் பணகுடியில் மூணாங்கிளாஸ் வரைதான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு, அதில் ஒரு தடவை வாத்தியாரின் குடை விழுந்து— அது கிடக்கட்டும்.

கணபதி கோயில் வாசலில் தேங்காய்க்கடை போட்டு இருபத்தாறு வருஷம். பரீட்சை மாசத்தில் பிள்ளைகள் வரிசையாக வந்து தேங்காய் உடைப்பார்கள். ரிசல்ட் வந்த பிறகு ஒருத்தரும் வந்து சொன்னதில்லை.

9 ஜூன்

லா என்ட்ரன்ஸ் ரிசல்ட்.

"ஜெயிச்சியா மக்ளே?"

"இதுல ஜெயிக்கிறது தோக்கிறது இல்லம்மா. எல்லாருக்கும் ஒரு ரேங்க் உண்டு. என் ரேங்குக்கு இந்த ஊர்ல கிடைக்காது. கோழிக்கோடு கிடைக்கும். இல்லேன்னா அடுத்த வருஷம் இன்னொரு தடவை எழுதணும்."

கோழிக்கோடு! ஒரு பகல் முழுக்க ரயில்.

10 ஜூன்

பக்கத்துப் பூக்கடை ஸ்ரீகண்டனிடம் கேட்டேன். "சேச்சி, ஒரு தடவை கூடி எழுதட்டே. எந்தா இத்ர அவசரம்?" என்றான். இன்னொரு தடவை எழுதட்டுமாம், என்ன அவசரமாம். நல்ல யோசனைக்காரன். சர்க்கார் வேலைக்கு ஏழு தடவை பரீட்சை எழுதியவன். ஏழாவது ரிசல்ட் வந்த அன்றைக்குத்தான் பூக்கட்டத் தொடங்கினான். அவன் அண்ணன் கதை இன்னும் பெரிது, அதற்கு ஒரு டைரி போதாது.

13 ஜூன்

கோழிக்கோட்டுக்கு அப்ளிகேஷன் அனுப்பக் கடைசி நாள் இருபதாம் தேதி. கோச்சிங் சென்டரிலிருந்து தினமும் போன். இரண்டாம் தடவை எழுதுகிறவர்களுக்குத் தனி பேட்ச் தொடங்குகிறார்களாம். என்ன அக்கறை!

நானும் சொல்லிப் பார்த்தேன். "படிப்புன்னா தரம் வேணும். நல்ல காலேஜாப் பாத்து சேரணும்."

"காலேஜோட தரம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தேங்காயில தெரியும்ல?"

எனக்காகச் சொல்லவில்லை. அவ அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான், சரி. அதற்கென்ன? கடையை நான் பார்த்துக்கொள்வேன். ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவு போடணும்னுதான் தெரியாது. அது ஒரு காரணமா?

15 ஜூன்

புட்டு அவித்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை.

17 ஜூன்

"எனக்கே ரெண்டு மனசா இருக்கும்மா" என்று உட்கார்ந்துவிட்டாள். கணபதியிடம் கேட்போம் என்றேன். நாளைக்கு அவள் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். உள்ளே வெள்ளையாக இருந்தால் அப்ளிகேஷன் அனுப்பலாம். அழுகலாக இருந்தால் அடுத்த வருஷம் எழுதலாம்.

"சட்டம் படிக்கப் போறவ தேங்காய்கிட்ட தீர்ப்பு கேக்கணுமா?" என்று சிரித்தாள். ஆனால் சரி என்றாள்.

18 ஜூன், சனி

செய்ததை எழுதிவிடுகிறேன். தேங்காயைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் போதும், உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவேன். சந்தேகப்பட்டதை எல்லாம் பின்னால் சாக்கில் போட்டுவிடுவேன், சாமிக்குக் கொடுப்பதில்லை. இன்றைக்கு அந்தச் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, தட்டில் வைத்தேன். கணபதிக்கு வேலை மிச்சம்.

அவள் எடுத்தாள். குலுக்கினாள். என்னைப் பார்த்தாள். நான் எலுமிச்சம்பழம் அடுக்குவது மாதிரி திரும்பிக்கொண்டேன். தேங்காயைக் கொண்டுபோய்ச் சாக்கிலேயே போட்டாள். குவியலிலிருந்து வேறொன்றைத் தானே எடுத்துப் போய் எறிந்தாள். வெள்ளைவெளேரென்று சிதறியது.

கடைக்குத் திரும்பி வந்து ஒன்றுதான் சொன்னாள்: "சாட்சியக் கலைச்சா என்ன தண்டனைன்னு படிச்சிட்டு வந்து சொல்றேம்மா."

ஸ்ரீகண்டன் எதற்குச் சிரிக்கிறான்?

19 ஜூன்

சாக்குத் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் இல்லாத நேரம் பார்த்து உடைத்தேன். ஒரு புள்ளி இல்லை, பால் மாதிரி இருந்தது. இருபத்தாறு வருஷத்துக் காது இப்படியா தப்பும்! நானும் தப்பு, அவளும் தப்பா? சட்னி அரைத்தேன். "நல்லாருக்கு" என்று சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி வைத்தேன்.

20 ஜூன்

அப்ளிகேஷன் போய்விட்டது.

7 ஆகஸ்ட், ஞாயிறு

தம்பானூரில் ரயில் ஏற்றிவிட்டேன். வண்டி நகரப் போகும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "மக்ளே, அந்தச் சாக்குத் தேங்காய் நல்ல தேங்காய்தான். ஒனக்கும் காது தப்பிருச்சு."

"நான் எங்கம்மா தேங்காயக் கேட்டேன்? ஒன் மூஞ்சியில்லா பாத்தேன்!"

வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்கு அரிசி போட்டேன். கூடிப்போயிற்று. நாளைக்கு இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்ரீகண்டன் கேட்டால் சந்தோஷப்படுவான்.